தாபத வாகையும் இளந்துறவும்

பண்டைத் தமிழகத்தில் துறவு எப்பருவத்திற்குரியது என்னும் வினாவிற்கு முதுமையே விடையாகத் தோன்றும். காமம் நிறைவுற்ற கடைநாளில், தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் சிறந்ததனைப் பயிலுதல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கற்பியல் கூறும் நெறி. அங்ஙனமாயின், இளமையிலேயே மனையும் ஊரும் நீத்துக் காடு புகுந்தார் அக்காலத்து இலரோ? இதனை ஆராய்வதற்குப் புறநானூற்று 251, 252ஆம் பாடல்கள் பெரிதும் துணைபுரிகின்றன.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பால் உலகறிந்த இந்நூலில், மாற்பித்தியார் பாடிய இவ்விரண்டும் தாபத வாகை என்னும் துறையின்பாற்படுவன. ஓவியம் போன்ற இல்லங்களில் வாழ்ந்த மகளிரின் அணிகளை நெகிழச் செய்தவன் ஒருவன், இன்று மூங்கில் செறிந்த நெடுமலையில் அருவியாடி, காட்டியானை கொணர்ந்த விறகால் தீ மூட்டி, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்துகின்றான் என்கிறது முன்னைய பாடல். சொல்லையே வலையாக்கி மனையுறை மகளிரின் உள்ளங்கவர்ந்த வேட்டுவன், இன்று தாளியிலை கொய்கின்றான் என்கிறது பின்னையது.

இவன் முதியனா, இளையனா? வயதைப் புலவர் கூறிற்றிலர்; குறிப்புகள் உள. முதலாவது, அவனை ‘மள்ளன்’ என்கின்றார். இது போர்க்குரிய வலிமையும் இளமையும் தோன்ற நிற்குஞ் சொல். இரண்டாவது, ‘கண்டிகும்’ என்பதனால் அவனது பழைய வாழ்வைத் தாமே கண்டமை பெறப்படும். மூன்றாவது குறிப்பே வலிமையுடையது. சடை நிறம் மாறியதற்கு அருவியில் இடையறாது நீராடியதையே புலவர் காரணமாக்குகின்றார், நரையை அன்று. முதுமையைச் சுட்ட விரும்பின் புறநானூற்றுப் புலவர் வெளிப்படவே சுட்டுவர். மீன்முள்ளை ஒத்த நரையைக் கூறும் 195ஆம் பாடல் இதற்குச் சான்று. ஆதலின், மாற்பித்தியார் கண்ட தாபதன் முதுமை எய்துமுன்னரே காடு புகுந்தவன் எனக் கோடல் பொருந்தும்.

அவன் சென்றடைந்த இடமும் கருதத்தக்கது. கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் மாங்குளம் கல்வெட்டு, கணிநந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி அமைத்ததைத் தெரிவிக்கின்றது. கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டோ, இளங்கடுங்கோ இளங்கோ ஆனபொழுது முதிய அமணர் செங்காயபனுக்கு உறையுள் அறுத்தளித்ததைக் கூறுகின்றது. இத்துறவியர் மலையில் உறையினும், கொடை வழியே அரசோடு தொடர்புடையர். மாற்பித்தியாரின் தாபதனுக்கோ கற்படுக்கை அமைத்தாரும் இலர். உணவு ஈந்தாரும் இலர். விறகு தருவது யானை. உணவு தருவது காட்டுக்கொடி.

தாபதர் ஒழுக்கம் எட்டு என்பது தொல்காப்பியம். இளம்பூரணர் அவற்றுள் நீராடல், சடைபுனைதல், எரியோம்பல், காட்டுணவு கொள்ளல் ஆகியவற்றை எண்ணுகின்றார். இந்நான்கும் இப்பாடல்களிலே காணப்படுகின்றன. ஊரடையாமை என அவர் கூறுவதும் குறிப்பாற் பெறப்படும். தெய்வ வழிபாடு பற்றிய சொல் இல்லை. ஆதலின் இவனை ஒரு சமயத்திற்கு உரியவனாக்க இப்பாடல்கள் இடந்தரவில்லை. மகளிரை வெறுத்தமையாற் சென்றான் என்றலும் பொருந்தாது. சென்றதற்குரிய காரணத்தைப் புலவர் யாண்டும் கூறவில்லை.

அவர் கூறாமைக்கு மாறாக, பாடல்களைத் தொகுத்துத் துறை வகுத்தோர் ஒரு மதிப்பீடு செய்துள்ளனர். வாகை என்பது வென்றோர் சூடும் பூ. பகைவரை வென்ற வேந்தனுக்குரிய திணையிலேயே, எல்லாவற்றையும் விட்டகன்ற இவனுக்கும் இடமளித்தனர். மறத்தைப் போற்றிய சமுதாயம், தன்னை நீத்துச் சென்றவனையும் தன் வெற்றியாளருள் ஒருவனாக எண்ணியது. எனினும், அவன் பழைய வாழ்வை நினைந்து கூறும் புலவர் மொழியில் ஊர் இழந்ததன் அளவும் புலனாகின்றது. வெற்றியும் இழப்பும் ஒருங்கே தோன்றுமாறு நிற்றலின், இப்பாடல்கள் துறவின் புகழ்ச்சி மட்டும் அல்ல. அக்காலச் சமுதாய வரலாற்றிற்கு உண்மைச் சான்றும் ஆகும் என யாம் துணிகின்றோம்.