பண்ணைப் பாலத்துக் கமராக்கள்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பறவை ஒளிப்படக்கலையின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டுப் பறவைகளைப் படம்பிடிப்பது ஒரு பொழுதுபோக்காகப் பரவியது உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகுதான். அதற்கு முன்பும் பறவைகள் வந்தன. அவற்றைப் பார்க்க ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள். நீர்க்கரையில் யார் நிற்கலாம், கையில் எதை வைத்திருக்கலாம் என்பதே இக்கலையின் போக்கைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை கருதுகிறது.

தொடக்ககால அறிவியல் பதிவுகளுக்குத் துப்பாக்கியே கருவி. 1840களின் பிற்பகுதியில் இலங்கை வந்த இயற்கையியலாளர் எட்கர் லேயார்ட் யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கங்களிலும் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்திச் சேகரித்தார். அவருடைய குறிப்புகள் 1853–54இல் இலண்டன் இதழொன்றில் தொடராக வந்தன. 1880இல் நிறைவுற்ற இலங்கைப் பறவைகள் பற்றிய வின்சென்ட் லெக்கின் பெருநூலை அழகுசெய்தவை கல்லச்சு ஓவியங்கள். இங்கிலாந்தில் கேர்ட்டன் சகோதரர்கள் 1892இலேயே பறவைக் கூட்டைப் படம்பிடித்துவிட்டனர், இலங்கையிலோ ஜி. எம். ஹென்றியின் 1955ஆம் ஆண்டு வழிகாட்டி நூல்கூட அவரே தீட்டிய ஓவியங்களோடுதான் வெளிவந்தது. இதற்கிடையில் 1938இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குடாநாட்டின் வாசலில் சட்டத்தின் காவல் இவ்வளவு முன்பே வந்தும், கமரா வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இலங்கைப் பறவைகளுக்கான ஒளிப்பட வழிகாட்டி ஒன்றை கெஹான் டி சில்வா விஜேரத்ன, தீபால் வாரகாகொட, டி. எஸ். யு. டி சில்வா ஆகியோர் 2000இல் வெளியிட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் குடாநாட்டின் வாசலான ஆனையிறவில் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது. தெற்கில் கமரா கையேடாக மலர்ந்த காலத்தில் வடக்கு மூடிக் கிடந்தது. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 1990 முதல் 2002 வரை அடைபட்டிருந்தது. 2006இல் மறுபடியும் அடைபட்டது. வடக்கின்மீது அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். காவலரண்களைத் தாண்டி நீண்ட லென்ஸோடு கடற்கரைக்குப் போக யார் துணிவார்? பறவைகளின் வருகை நிற்காமலே அவற்றின் படப்பதிவில் விழுந்த இந்த இடைவெளி எனக்குப் பெரும் இழப்பாகவே படுகிறது. அக்காலத்துக் கடனீரேரியை இன்றைய படங்களோடு ஒப்பிட வழியில்லாமல் போயிற்று.

போர் முடிந்து வீதி திறந்தபோது இன்னொரு காரணமும் சேர்ந்தது. நீண்டகாலம் தெற்கே பூநாரை பார்க்கப் போனவர்கள் புந்தல என்ற ஊரைத்தான் நாடினார்கள். கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வடிநீர் அங்குள்ள களப்புகளின் உப்புத்தன்மையைக் குறைத்தது. பூநாரைகளும் அங்கிருந்து அகன்றன. பூநாரைப் படம் வேண்டியவர்கள் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வரவேண்டியதாயிற்று. இலங்கையில் செம்முதுகுக் கீச்சானை எளிதில் காணக்கூடிய இடங்களில் குடாநாடும் தீவுகளும் அடங்கும். அதே காலத்தில் டிஜிட்டல் கமரா பிலிம் செலவை ஒழித்தது. 2015இல் வந்த நிக்கோன் பி900 போன்றவை தனி லென்ஸ் வாங்க வசதியில்லாத இளைஞர்களின் கையிலும் தூரத்துப் பறவையைக் கொண்டுவந்தன. சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக உயர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

இங்கு இக்கலைக்குத் தனி முகம் தந்தவை கடனீரேரியைக் கடக்கும் தாம்போதிகள். பண்ணை, பொன்னாலை, புங்குடுதீவுப் பாதைகளின் இருமருங்கும் ஆழமற்ற நீர். பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் பழகிய பறவைகள் அசையாமல் மேய்கின்றன. ஆள் இறங்கி நடந்தால்தான் கலைகின்றன. ஆகவே வாகனமே மறைவிடமாகிறது. காலை வெயிலை முதுகில் வாங்கி மேற்கு நீரை நோக்கினால், சிறகுவலைத் தடிகளில் ஆலாக்களும் நீர்க்காகங்களும் வரிசையாக இருக்கும். சேற்றைக் காலால் கலக்கியபடி பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தும். மீனவர் நட்ட தடி இல்லாத படம் இங்கே அரிது. அது காட்சியைக் கெடுப்பதாக எண்ணிச் சிலர் வெட்டி நீக்குகிறார்கள். எந்த நீர், யாருடைய நீர் என்பதற்குச் சான்று அந்தத் தடியே என்பதால் அதை விட்டுவைப்பதே சரி.

வளர்ச்சியோடு ஒரு கேடும் வந்தது. பூநாரையின் சிறகிலுள்ள செந்நிறமும் கருமையும் விரிக்கும்போதுதான் முழுமையாகத் தெரியும். அதற்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிடுகிறார்கள். ஒக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே தங்கும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு கலைப்பும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. திகதியும் இடமும் குறித்து, கலைக்காமல் எடுத்த படமே ஜனவரி தோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குத் துணைச்சான்றாக நிற்கக்கூடியது.