தண்ணிக்குள்ள ஒரு பரண்

சோளக்காட்டுல பரண் கட்டி காவல் காக்கறது நம்ம பக்கத்துப் பழக்கம். மேல ஆள் நிக்கிறது பறவைக்குத் தெரியணும், பயந்து பறக்கணும். அமெரிக்காவுல வாத்து வேட்டைக்குக் கட்டின மறைப்பு இதுக்கு நேர் எதிர். ஆள் இருக்கிற தடமே தெரியக்கூடாது. நாணலும் பலகையும் வச்சு கரையோரத்துல கட்டுவாங்க.

ஆனா வாத்து நடுத்தண்ணியிலதானே மேயும்? அதுக்குன்னு வந்ததுதான் 'சிங்க்பாக்ஸ்'. சவப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி, அதைச் சுத்தி சிறகு விரிச்ச மாதிரி மிதக்கிற தட்டி. இரும்புல வார்த்த வாத்து பொம்மைகளைத் தட்டி மேல வச்சு, பெட்டி விளிம்பு தண்ணி மட்டத்துக்கு வர்ற வரைக்கும் அமுக்குவாங்க. உள்ள ஆள் மல்லாந்து படுத்திருப்பான். சுத்திலும் நூத்துக்கணக்குல மரவாத்து மிதக்கும். நம்ம கூட்டம்தான்னு நம்பி வாத்து இறங்கும்போது எழுந்து சுடுவான்.

இது அநியாயம்னு அப்பவே சிலருக்குப் பட்டிருக்கு. நியூயார்க் மாநிலம் 1838லேயே தடை போட்டது. வேட்டைக்காரங்க முகமூடி மாட்டிக்கிட்டு சுட்டாங்க, காட்டிக்கொடுக்கிறவங்களை மிரட்டினாங்க. கடைசியில் சட்டத்தைத்தான் ரத்து செய்ய வேண்டியதாச்சு.

ஏன் தோத்தது? காரணம் சந்தைன்னு நான் நினைக்கிறேன். மேரிலாந்துல சஸ்குவஹானா ஆறு செசபீக் விரிகுடாவுல சேர்ற ஆழமில்லாத பரப்புக்கு, குளிர்காலத்துல கேன்வாஸ்பேக் வாத்து கூட்டங்கூட்டமா வரும். அதோட ருசிக்கு நகரத்து ஓட்டல்கள்ல அவ்வளவு கிராக்கி. பெட்டியில படுத்தவனுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. வாங்குற கையை விட்டுட்டு சுடுற கையை மட்டும் கட்டினா எப்படி நிக்கும்?

1918ல் வந்த வலசைப் பறவைகள் சட்டம் அந்த இடத்துலதான் கை வச்சது. காட்டு வாத்தைச் சுட்டு விக்கிறதுக்கே தடை. அப்புறம் 1930கள்ல கடும் வறட்சி. வாத்து முட்டையிடுற வடக்குச் சமவெளிக் குட்டைகள் காஞ்சு, எண்ணிக்கை சரிஞ்சது. 1934ல் வேட்டைக்காரர் ஒவ்வொருத்தரும் ஒரு டாலர் முத்திரை வாங்கணும்னு விதி வந்தது; அந்தப் பணம் ஈரநிலங்களைக் காக்க. 1935ல் சிங்க்பாக்ஸுக்கு நாடு முழுக்கத் தடை. உயிருள்ள வாத்தைக் கட்டிவச்சு மத்ததைக் கூப்பிடக் கூடாது, தானியம் தூவி இழுக்கக் கூடாது, துப்பாக்கியில மூணு தோட்டாவுக்கு மேல கூடாது. இந்தத் தடை நின்னுடுச்சு, இன்னிக்கும் இருக்கு.

கவனிச்சுப் பாருங்க, ஒளிஞ்சிருந்து சுடறதை அவங்க தடுக்கலை. கரையோர மறைப்பு இன்னிக்கும் கட்டலாம். சில மாநிலங்கள்ல அதுக்கு உரிமம் வேணும், ஒரு மறைப்புக்கும் அடுத்ததுக்கும் இவ்வளவு இடைவெளின்னு கணக்கும் உண்டு. பறவைக்குத் தப்பிக்க வழியே வைக்காத மறைப்பைத்தான் எடுத்தாங்க.

நம்ம ஏரியில மணல் அள்ளக் கூடாது, வலை போடக் கூடாதுன்னு பலகை நட்டு வைக்கிறோம். நட்டாச்சுன்னு வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த மணலும் மீனும் எந்த ஊருக்கு லாரி ஏறிப் போகுதுன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வரணும்.