மின்மினியின் விலையும் மரநிழலின் மதிப்பும்: கோல சிலாங்கூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆற்றங்கரை, மரநிழல், திறந்தவெளி ஆகியன மக்களுக்குப் பெரும்பயன் தருவன. எனினும் அவை சந்தையில் விற்கப்படுவதில்லை. விலையற்ற இவற்றின் மதிப்பை எங்ஙனம் அளப்பது? அவ்வாறு அளக்கும்போது எவருடைய பயன் கணக்கில் சேர்கின்றது? இவ்விரு வினாக்களையும் கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றைக் கொண்டு நாம் ஆராய முற்படுகின்றோம்.

அளவிடும் முறைகள்

ஓரிடத்தை நாடி வருவோரின் பயணச் செலவைக் கொண்டு அவ்விடத்தின் மதிப்பை அறியலாம் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங் 1947ஆம் ஆண்டு ஒரு கடிதத்தில் எழுதினார். மேரியன் கிளாசன் 1959இல் அதனை நடைமுறைக்குரியதாக வளர்த்தார். எவ்வளவு செலுத்த முன்வருவீர் என மக்களையே வினவும் முறையை 1963இல் ராபர்ட் டேவிஸ் கையாண்டார். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கடலில் கலந்தபின், கென்னத் அரோ, ராபர்ட் சோலோ ஆகியோர் தலைமையிலான குழு 1993இல் இவ்வினவல் முறையைக் கடும் நெறிகளுக்குட்பட்டு ஏற்றது.

மதிப்பு மாறிய வரலாறு

மதிப்பு நிலையானதன்று என்பதற்கு இவ்வட்டாரமே சான்று. பிரெஞ்சுக்காரரான ஹென்றி போகோனியே ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் முதலில் செம்பனையை அழகுமரமாகவே நட்டார். அம்மரமே 1917இல் தெனாமாராம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. அழகுப்பொருள் இவ்வாறு விளைபொருளாயிற்று.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் இதற்கு மாறான போக்கைக் காண்கின்றோம். பயனற்றதாகக் கருதப்பட்ட சதுப்புநிலம் காணற்குரிய இடமாயிற்று. 1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா தோன்றியது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர ஒளிரும் மின்மினிகளைக் காணப் பயணிகள் படகுக் கட்டணம் செலுத்துகின்றனர். ஆயின் மின்மினியின் புழுப்பருவம் மரத்தில் கழிவதில்லை. ஈரமான கரைநிலத்தில் நத்தைகளை உண்டு அது வளர்கின்றது. கரைவரை நிலம் திருத்தப்படின் ஒளியும் குன்றும். படகுச்சீட்டின் விலை அக்கரைநிலத்தைத் தனியே காட்டுவதில்லை.

கணக்கில் வாராதோர்

தோட்டத்துத் தமிழருக்கும் இயற்கை நலன்கள் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப் பணித்தது. காய்கறிப் பாத்தி, மாட்டுக்கொட்டகை, கோயில் மரநிழல், பந்து விளையாடும் திடல் ஆகியன அவர்தம் ஓய்வையும் உணவையும் தாங்கின. இவற்றை அடைய அவர் பயணம் செய்ததில்லை. ஆதலின் பயணச் செலவு முறையில் அவர் இடம்பெறார். வினவல் முறையிலோ, அவர் கூறத்தக்க தொகையை அவரது குறைந்த கூலியே வரையறுத்துவிடும். பயன் குறைவானதன்று, செலுத்தும் ஆற்றலே குறைவு.

இங்கு வினாவின் வடிவமும் கருதத்தக்கது. ‘காக்க எவ்வளவு தருவீர்’ என்பது உரிமை அவரிடம் இல்லை எனக் கொள்கின்றது. ‘இழக்க எவ்வளவு பெறுவீர்’ என்பது உரிமை அவருடையதே எனக் கொள்கின்றது. 1993ஆம் ஆண்டுக் குழு, மிகை மதிப்பீட்டைத் தவிர்க்க முன்னதையே பரிந்துரைத்தது. தோட்டத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளரிடம் பின்னைய வினாவைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லாதுபோயிற்று. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் வீட்டுரிமை வேண்டிப் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. வீட்டையேனும் கோர முடிந்தது. பாத்தியையும் நிழலையும் திடலையும் எப்பெயரிட்டுக் கோருவது?

முடிவுரை

மதிப்பீட்டு முறைகளை நாம் புறக்கணிக்கவில்லை. விலை குறிக்கப்படாத சதுப்புநிலம் எளிதில் அழிக்கப்படும். அதற்கோர் எண் தேவையே. ஆயினும் அவ்வெண் வந்துசெல்வோரின் பணப்பையை மட்டும் அளத்தல் போதாது. வாழ்ந்தோரின் பயன்பாடும் உரிமையும் உடன்வைத்து எண்ணப்படல் வேண்டும். அதற்கு முதற்சான்றாவன முதியோரின் வாய்மொழியும், திடலும் பாத்தியும் கிணறும் இருந்த இடங்களைக் குறிக்கும் வரைபடங்களுமே. இவற்றைத் திரட்டும் பணியைத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டே தொடங்கவியலும். நினைவுடையோர் நம்மிடையே உள்ளபோதே அது தொடங்கப்பெறல் வேண்டும்.