விளிம்பில் அச்சிட்ட ஆண்டுகள்: வில்லியம் மில்லரும் 1844-ஆம் ஆண்டின் தீர்க்கதரிசனக் கணக்கும்

புராட்டஸ்டண்டுத் திருச்சபைகள் ஏற்கும் வேதாகமத்தின் 66 நூல்களும் பல நூற்றாண்டுகளில் பலரால் எழுதப்பட்டவை எனினும், ஆதியாகமத்தின் படைப்பில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷத்தின் புதிய எருசலேமில் முடியும் ஒரே கதையாக அவற்றை வாசிக்கும் வழக்கம் கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. அவ்வாறு வாசிப்போருக்கு இரண்டு வழிமுறைகள் துணைநின்றன. முதலாவது முன்னடையாளம். பழைய ஏற்பாட்டின் ஒரு நபரையோ சடங்கையோ பின்னர் வரவிருந்த ஒன்றின் நிழலாகக் கொள்வது இது. பஸ்கா ஆட்டுக்குட்டியில் சிலுவைப் பலியைக் காண்பது இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது தீர்க்கதரிசன நிறைவேற்றம். முன்னர் உரைக்கப்பட்ட சொல்லைப் பின்னர் நிகழ்ந்த நிகழ்ச்சியோடு பொருத்திக் காட்டுவது இது. முன்னடையாளத்துக்கு நாட்காட்டி தேவையில்லை. தீர்க்கதரிசனத்திலோ எண்கள் இடம்பெறும் இடங்களில் எல்லாம் எந்த ஆண்டு என்ற கேள்வி எழுந்தே தீரும்.

அந்தக் கேள்வியை வேறெந்த நூலைக் காட்டிலும் மிகுதியாக எழுப்பியது தானியேலின் புத்தகம். எருசலேமின் பாழ்நிலை எழுபது ஆண்டுகள் நீடிக்கும் என்று எரேமியா உரைத்திருக்க, தானியேல் 9-ஆம் அதிகாரம் அதே எண்ணை எழுபது வாரங்களாக விரித்துரைக்கிறது. ஒரு வாரத்தை ஏழு ஆண்டுகளாகக் கொண்டால் அது 490 ஆண்டுகளாகிறது. ஆகவே நிறைவேற்றத்தின் எல்லையை மறுகணக்கிட்டுத் தள்ளிவைக்கும் வழக்கம் பிற்காலத்தாரின் புதுமை அன்று. வேதாகமத்துக்குள்ளேயே அது தொடங்கிவிட்டது. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ஃபிரி என்னும் கிரேக்கத் தத்துவ அறிஞர், இப்புத்தகம் பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தில் எழுதப்பட்டதன்று என்றும், யூதர்களை ஒடுக்கிய நான்காம் அந்தியோகஸ் மன்னனின் காலத்தில், அதாவது கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், நடந்து முடிந்தவற்றையே முன்னறிவிப்புப் போல எழுதிவைத்தது என்றும் வாதிட்டார். புனித ஜெரோம் தம்முடைய தானியேல் உரையில் அவருக்கு மறுப்பெழுதினார். அந்த மறுப்பின் வழியாகவே போர்ஃபிரியின் வாதம் இன்று பெரிதும் அறியப்படுகிறது. இக்கால விமரிசன ஆய்வாளரில் பெரும்பாலோர் நூலின் இறுதி வடிவத்தைப் பொறுத்தவரை போர்ஃபிரியின் பக்கமே நிற்கின்றனர்.

திருச்சபையின் தலைமை இத்தகைய கணக்குகளை நெடுங்காலம் ஐயத்தோடுதான் நோக்கியது. முடிவுகாலத்தைக் கணிக்க முயல்வோரை அகஸ்டின் கண்டித்தார். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி ஃபியோரேயின் யோவாக்கிம், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவருக்கும் உரிய மூன்று காலங்களாக உலக வரலாற்றைப் பகுத்து, மூன்றாம் காலம் அண்மையில் உள்ளது என்று எழுதியபோது, அச்சிந்தனை துறவியர் மடங்களைக் கடந்து பரவியது. 1516-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம், அந்திக்கிறிஸ்துவின் வருகைக்கோ இறுதித் தீர்ப்புக்கோ நாள் குறித்துப் பிரசங்கிப்பதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே லூத்தரின் கலகம் தொடங்கியதால், அத்தடை யாருக்குத் தேவைப்பட்டிருக்குமோ அவர்களைக் கட்டுப்படுத்தும் வலிமையை அது இழந்துவிட்டது.

சீர்திருத்தத்துக்குப் பின் புராட்டஸ்டண்டு நாடுகளில் இக்கணக்கு கற்றோரின் முறையான துறையாகவே வளர்ந்தது. அதன் ஆதார விதி 'நாளுக்கு ஆண்டு' என்பது. எண்ணாகமம் 14-ஆம் அதிகாரத்திலும் எசேக்கியேல் 4-ஆம் அதிகாரத்திலும் ஒரு நாள் ஓர் ஆண்டுக்கு ஈடாகச் சொல்லப்படுவதைக் கொண்டு, தீர்க்கதரிசன நூல்களில் வரும் நாள் எண்ணிக்கைகளை எல்லாம் ஆண்டுகளாக மாற்றுவது அவ்விதி. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜோசப் மீட் 1627-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது. ஐசக் நியூட்டன் தானியேலையும் வெளிப்படுத்தலையும் பற்றி எழுதியவை அவர் இறந்த பின் 1733-இல் அச்சேறின. எதிர்காலத்தை முன்கூட்டியே அறியும் ஆவலைத் தணிக்கத் தீர்க்கதரிசனம் தரப்படவில்லை, நிகழ்ந்த பின் நிகழ்ச்சியைக் கொண்டு அதைப் புரிந்துகொள்ளவே தரப்பட்டது என்பது அவருடைய நிலைப்பாடு. பின்வந்த பலர் நியூட்டனின் எண்களை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர். 1798 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி பெர்தியே ரோமைக் கைப்பற்றித் திருத்தந்தை ஆறாம் பயஸைச் சிறைப்பிடித்தபோது, வெளிப்படுத்தலின் 1260 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.பி. 538-இல் தொடங்கிய அந்த 1260 ஆண்டுகள் அன்று நிறைவடைந்தன என்று ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டண்டுகள் பலர் உறுதியாக நம்பினர். கணக்கு ஒருமுறை கண்ணெதிரே பலித்துவிட்டதாகத் தோன்றியதால், அடுத்த எண்ணையும் கணக்கிட்டுப் பார்க்கும் துணிவு சாதாரண வாசகனுக்கும் வந்தது.

அத்தகைய வாசகரில் மிகுந்த விளைவை உண்டாக்கியவர் வில்லியம் மில்லர். 1782-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் வேளாண்மை செய்துவந்த அவர், இளமையில் இயற்கைச் சமயக் கொள்கையராக இருந்தார். அதாவது உலகைப் படைத்த இறைவன் அதன் போக்கில் தலையிடுவதில்லை என்றும், வேதநூல்கள் மனிதர் இயற்றியவையே என்றும் கருதினார். பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கா 1812-இல் தொடங்கிய போரில் படைத்தலைவராகப் பணியாற்றி, 1814 செப்டம்பரில் பிளாட்ஸ்பர்க்கில் தம் தரப்பு எதிர்பாராத வெற்றி பெற்றதைக் கண்டபின் அக்கொள்கையில் அவருக்கு ஐயம் எழுந்தது. 1816-இல் பாப்டிஸ்டு விசுவாசத்துக்குத் திரும்பினார். வேதாகமம் முரண்பாடுகள் நிறைந்தது என்று முன்னாள் நண்பர்கள் எள்ளியதற்கு விடை காண, உரைநூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, வேதாகமத்தை மட்டும் ஆதியாகமத்திலிருந்து வசனம் வசனமாக இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். வேதமே வேதத்துக்கு உரை என்பதும், ஒரு பொருளைப் பற்றிய வசனங்களை எல்லாம் ஒருங்கே திரட்டிய பின்னரே முடிவுக்கு வரவேண்டும் என்பதும் அவர் வகுத்துக்கொண்ட விதிகளுள் அடங்கும். 1818-இல் அவர் எட்டிய முடிவு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு இன்னும் ஏறத்தாழ 25 ஆண்டுகளே உள்ளன என்பது.

இதைத் தனிமனிதர் ஒருவர் தூய வேதவாக்கியத்தோடு மட்டும் உரையாடிக் கண்ட முடிவு என்று மில்லரும் அவரைப் பின்பற்றியோரும் கருதினர். அவரை எள்ளி நகையாடியோரும் அவ்வாறே கருதினர். இருதரப்பும் கவனிக்கத் தவறியது, அவர் மேசையில் இருந்த அச்சுக் கருவிகளை. மில்லர் பயன்படுத்திய ஒரே துணைநூல் அலெக்சாண்டர் க்ரூடன் 1737-இல் வெளியிட்ட சொல்லடைவு. வேதாகமத்தில் ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டும் இந்நூல் இல்லையென்றால், வசனங்களை ஒருங்கே திரட்டும் அவருடைய விதி ஓர் உழவரின் ஓய்வு நேரத்துக்குள் அடங்கியிருக்காது. அதைவிட முக்கியமானது பக்கத்தின் விளிம்பு. ஐரிஷ் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட ஆண்டுக்கணக்கு, உலகப் படைப்பை கி.மு. 4004-இல் வைத்தது. அதைப் பெரும்பாலும் தழுவி ஆயர் வில்லியம் லாயிட் தொகுத்த ஆண்டுகள் 1701 முதல் ஆங்கில வேதாகமப் பதிப்புகளின் விளிம்பில் அச்சிடப்பட்டன. வசனத்துக்கு அருகிலேயே அச்செழுத்தில் நின்றதால், ஓர் அறிஞரின் கணிப்பான ஆண்டு வேதவாக்கியத்தின் மதிப்பைத் தானும் பெற்றுவிட்டது.

மில்லரின் கணக்கு இவ்விளிம்பின் மேல்தான் நிற்கிறது. தானியேல் 8-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனம், 2300 இராப்பகல் கழிந்த பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற கருத்தைக் கூறுகிறது. இராப்பகலை ஆண்டாகவும், பரிசுத்த ஸ்தலத்தைப் பூமியாகவும், சுத்திகரிப்பைக் கிறிஸ்துவின் வருகையில் எரியும் நெருப்பாகவும் மில்லர் கொண்டார். தொடக்க ஆண்டு எது என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. ஆகவே 9-ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களும் இந்த 2300-உம் ஒரே நாளில் தொடங்குகின்றன என்று அவர் கருதிக்கொண்டார். எருசலேமைப் புதுப்பிக்கும் கட்டளை வெளிப்பட்ட காலத்திலிருந்து வாரங்கள் எண்ணப்படுவதால், எஸ்றா 7-ஆம் அதிகாரத்தில் பாரசீக மன்னன் அர்தசஷ்டா பிறப்பித்த கட்டளையைத் தொடக்கமாக வைத்தார். விளிம்பு அதற்குக் கொடுத்த ஆண்டு கி.மு. 457. சிலுவையேற்றத்துக்கு விளிம்பு தந்தது கி.பி. 33. இரண்டையும் கூட்டினால் சரியாக 490. தொடக்கம் மெய்ப்பிக்கப்பட்டதாகிவிட, 2300-இல் 457-ஐக் கழித்து 1843 என்ற விடை கிடைத்தது. லேவியராகமம் 26-ஆம் அதிகாரத்தின் ஏழு மடங்குத் தண்டனையை 2520 ஆண்டுகளாக்கி, கி.மு. 677-இலிருந்து எண்ணியபோதும் அதே 1843 வந்தது. சுயேச்சையான இரு சாட்சிகள் ஒத்துப்போவதாக அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் தொடக்கப் புள்ளியைத் தெரிவுசெய்யும் உரிமை கணக்கிடுபவரிடமே இருக்கும்போது ஒத்துப்போதல் அத்தனை கடினமானதன்று. தானியேலின் எண்கள் வெறும் நாட்களே, அவை அந்தியோகஸ் காலத்தைச் சேர்ந்தவை என்று அண்டோவர் இறையியல் கல்லூரியின் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட் 1842-இல் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், மறுப்பு அக்காலத்திலேயே கையெட்டும் தொலைவில் இருந்தது விளங்கும்.

மில்லர் தம் முடிவை 1831-இல்தான் முதன்முதலாகப் பொதுச் சொற்பொழிவில் வெளியிட்டார். சிற்றூர்களில் பேசிவந்த அவரை இயக்கமாக்கியவர் பாஸ்டனின் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ். 1840-இல் அவர் தொடங்கிய இதழும், 1842-இல் நியூயார்க்கில் தொடங்கிய மற்றோர் இதழும், பெருங்கூடாரக் கூட்டங்களும் இக்கணக்கை வடகிழக்கு மாநிலங்கள் எங்கும் கொண்டுசென்றன. சார்ல்ஸ் ஃபிட்ச், அப்போலோஸ் ஹேல் என்னும் இருவர் வரைந்து 1842-இல் கல்லச்சில் 300 பிரதிகள் எடுத்த விளக்கப்படம் சொற்பொழிவாளரின் நிரந்தரத் துணையாயிற்று. தானியேல் 2-ஆம் அதிகாரத்தின் சிலை, தங்கத் தலை முதல் இரும்பும் களிமண்ணும் கலந்த பாதங்கள் வரை, பேரரசுகளின் வரிசையாக அதில் நின்றது. பக்கத்தில் கூட்டல் கழித்தல் கணக்குகள். உலக வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிய அப்படத்தின் முன் அமர்ந்தவர் தம் காலத்தைக் கால்விரல்களில் கண்டார்.

கணக்கின் தரத்தைச் சோதிக்க ஓர் ஒத்திகையும் நடந்தது. மெதடிஸ்டுப் போதகர் ஜோசையா லிட்ச், வெளிப்படுத்தல் 9-ஆம் அதிகாரத்தைக் கொண்டு உதுமானியப் பேரரசின் வலிமை 1840 ஆகஸ்ட் 11-இல் முறியும் என்று முன்னுரைத்தார். அவருடைய தொடக்க நாள் 1299 ஜூலை 27. அதைத் தந்தவர் கிறிஸ்தவத்தை எள்ளுவதில் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் கிப்பன் என்பது இக்கதையின் சுவையான முரண்களுள் ஒன்று. அந்த ஆகஸ்டில் சுல்தான், எகிப்தின் முகமது அலிக்கு எதிராக ஐரோப்பிய வல்லரசுகள் நான்கின் துணையை ஏற்றிருந்தார். அதுவே முறிவு என்று இயக்கத்தினர் முடிவுசெய்தனர். உதுமானிய சுல்தானகம் 1922 வரை நீடித்தது.

நாள் குறிப்பதை மில்லர் நெடுங்காலம் தவிர்த்தார். யூத ஆண்டுக் கணக்கை ஒட்டி 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையில் என்று மட்டுமே சொன்னார். அந்தக் காலம் கடந்ததும் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இதற்கிடையில், கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே சுழியாம் ஆண்டு இல்லாததால் 2300 ஆண்டுகள் முழுமையடைவது 1844-இல்தான் என்ற திருத்தம் கவனத்துக்கு வந்திருந்தது. இயக்கத்தின் போதகருள் ஒருவரான சாமுவேல் ஸ்னோ 1844 ஆகஸ்டில் எக்சிட்டர் கூடாரக் கூட்டத்தில் இதற்குமேல் ஒரு படி சென்றார். லேவியராகமம் 16-ஆம் அதிகாரப்படி பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கும் பாவநிவிர்த்தி நாள் ஏழாம் மாதம் பத்தாம் தேதி. முன்னடையாளம் நிகழ்ந்த தேதியிலேயே நிறைவேற்றமும் நிகழ வேண்டும். யூதர்களுள் காராயர் என்னும் பிரிவினரின் பழைய கணக்குப்படி அது அக்டோபர் 22. தேதியற்றதாக இருந்த முன்னடையாளம் அன்றுதான் தேதி பெற்றது. மில்லர் தயங்கி, அக்டோபர் தொடக்கத்தில்தான் இதை ஏற்றார். அறுவடையை வயலிலேயே விட்டவர்களும் கடையை மூடியவர்களும் இருந்தனர். வெண்ணங்கி அணிந்து கூரைமேல் காத்திருந்தார்கள் என்று செய்தித்தாள்கள் பரப்பிய கதைக்கோ நம்பத்தகுந்த சான்று இல்லை.

அந்த நாள் எந்த நிகழ்ச்சியும் இன்றிக் கழிந்தது. வரலாற்றில் அதற்குப் 'பெரும் ஏமாற்றம்' என்று பெயர். மில்லரும் ஹைம்ஸும் 1845 ஏப்ரலில் ஆல்பனி நகரில் கூட்டிய மாநாட்டில், விரைவில் வரும் வருகையில் நம்பிக்கையை வைத்துக்கொண்டு தேதியைக் கைவிட்டனர். மில்லர் 1849 டிசம்பரில் இறந்தார். மற்றொரு சிறு குழுவினர் தேதியை வைத்துக்கொண்டு நிகழ்ச்சியை மாற்றினர்: ஹைரம் எட்சன் என்னும் நியூயார்க் உழவரும் அவருடைய நண்பர்களும், சுத்திகரிக்கப்பட வேண்டிய ஸ்தலம் பூமி அன்று, எபிரெயர் நிருபம் சொல்லும் பரலோகக் கூடாரமே என்றும், கிறிஸ்து அக்டோபர் 22-இல் அதன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தார் என்றும் விளக்கினர். மனிதக் கண் காண முடியாத இடத்துக்கு நிறைவேற்றம் நகர்ந்தபின் அதை மறுக்கவும் வழியில்லை, மெய்ப்பிக்கவும் வழியில்லை. எனினும் இதை வெறும் சமாளிப்பு என்று தள்ளுவது நேர்மையாகாது. முன்னடையாளத்தின் தர்க்கத்துக்குள் நின்று பார்த்தால், பூமியைப் பரிசுத்த ஸ்தலமாகக் கொண்ட மில்லரின் வாசிப்பைக் காட்டிலும் லேவியராகமத்துக்கு இது நெருக்கமானது. ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் வலியுறுத்திய சனிக்கிழமை ஓய்வுநாளும், அவர்களுள் ஒருவரான எலன் ஒயிட் கண்ட தரிசனங்களும் சேர, இக்குழு 1863-இல் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுத் திருச்சபையாக முறைப்படி அமைந்தது.

அத்திருச்சபையின் மிஷனரி ஜே.எஸ். ஜேம்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்துக்கு வந்து பணிதொடங்கியபோது, அங்கே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் முன்பே இருந்தனர். ஆங்கிலிக்க மிஷனரிகளோடு முரண்பட்டு, 1857-இல் முக்குப்பீறியில் தனிச் சபை கண்ட அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளையின் மரபைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஐரோப்பியர் சேர்த்த வழக்கங்களை நீக்கி வேதாகமத்தை நேரடியாகப் படிக்கப் புகுந்த சட்டாம்பிள்ளை, ஓய்வுநாளையும் தூபத்தையும் யூதப் பண்டிகைகளையும் மீட்டெடுத்திருந்தார். தானியேலின் 2300-ஐக் கூட்டிப் பார்த்து அவர் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.