கல்லூரி மாணவரும் வைத்தியச் செலவும்

அமெரிக்காவிலே மாணவரின் தேக சுகத்தைப் பேணுவது கல்லூரியின் கடமையே என்னும் எண்ணம், 1861-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் டாக்டர் எட்வர்ட் ஹிட்ச்காக் சுகாதாரப் பேராசிரியராக அமர்ந்த காலந்தொட்டு வேர்கொண்டு, 1906-இல் பெர்க்லி சர்வகலாசாலை மாணவரிடம் முன்கூட்டியே கட்டணம் பெற்று வைத்திய வசதி அளிக்கத் தொடங்கியபோது ஸ்திரப்பட்டது. நோய் வருமுன் அனைவரும் செலுத்தும் அத்தகைய பணமே இன்று பிரீமியம் எனப்படுகிறது.

இவ்வாறே முன்பணம் செலுத்தும் முறையில், 1929-இல் டல்லாஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் செலுத்தி, பேய்லர் ஆஸ்பத்திரியில் 21 நாள் வரை தங்கிச் சிகிச்சை பெறும் உரிமை அடைந்தனர். கொடுப்பது இவ்வளவு, பெறுவது இவ்வளவு என்ற வரம்பு அங்கே எத்துணைத் தெளிவாக விளங்கிற்று! பிற்காலத்து மாணவர் பாலிஸிகளிலோ, இன்ஷூரன்ஸ் கம்பெனி பணந்தரத் தொடங்குமுன் நோயாளி தாமே ஏற்கவேண்டிய டிடக்டிபிள், வைத்தியரைக் காணுந்தோறும் தரவேண்டிய கோ-பே முதலியன புகுந்து அத்தெளிவைக் குலைத்தன. இவற்றினும் கொடியது, முன்னரே இருந்த நோய்க்குப் பணந்தர மறுத்த விதி. பிணியுற்றவனைக் கைவிடும் இன்ஷூரன்ஸால் யாருக்குப் பிரயோஜனம்? 2010-இல் இயற்றப்பட்ட சட்டம், 26 வயது வரை பெற்றோரின் பாலிஸியிலேயே பிள்ளைகள் நீடிக்க வழிசெய்ததோடு, அம்மறுப்பையும் 2014 முதல் தடைசெய்தது. மாணவர்க்கு அது செய்த பேருபகாரம் இதுவே.