மலையேறிய மான்செஸ்டர் எஞ்சின்

மாதிரிப் புகையிரதங்கள் செய்வோர் மேசைமீது ஓடவிடும் எஞ்சின்களுள் ‘கராட்’ தனித் தோற்றமுடையது. நடுவே ஒரு கொதிகலன். முன்னும் பின்னும் சக்கரத் தொகுதிகள் இரண்டு. அதன் மெய்யுருவை மலையகம் நன்கறியும்.

1885-இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதையில் 44 அடிக்கு ஓரடி ஏற்றம். வழியெங்கும் கூரிய வளைவுகள். பாரமான வண்டிகளுக்கு இரண்டு எஞ்சின்களும் இரு குழுவினரும் தேவைப்பட்டனர். 1927-இல் மான்செஸ்டர் பேயர் பீகாக் தொழிற்சாலையின் கராட் வந்தது. வளைவுகளில் இரு தொகுதிகளும் தனித்தனியே திரும்பின; ஆகவே ஒரே குழு போதுமானதாயிற்று. 1945-இல் மேலும் எட்டு வந்தன. அரிசியும் உரமும் மேலேற, அட்டன் தேயிலை கீழிறங்கிற்று. 1954-இல் கனடாவின் டீசல் எஞ்சின்கள் வந்தபின் நீராவியின் காலம் தேயத் தொடங்கியது.

இரும்பின் வடிவத்தை மாதிரிகள் காத்துவிடும். அத்தேயிலையின் கொழுந்தைப் பறித்த கைகளை வரலாறுதான் காத்தல் வேண்டும்.