வில்லி மே தார்ன்டனின் ஹார்மோனிகா

பாடும் பெண்ணை இசை வரலாறு எளிதில் ஏற்றுக்கொள்கிறது. குரல் பிறவியிலேயே வாய்த்த வரம் என்று சொல்லி, அதன் பின்னாலிருக்கும் உழைப்பைக் கடந்துவிடலாம். வாத்தியத்தை அப்படிக் கடக்க முடியாது. அது பயிற்சி, நுட்பம், அறிவு. அதனால்தானோ என்னவோ, வாத்தியம் வாசித்த பெண்களும் பாடகிகளாக மட்டுமே நினைவில் நிற்கிறார்கள். ‘பிக் மாமா’ என்று அறியப்பட்ட புளூஸ் கலைஞர் வில்லி மே தார்ன்டன் அவர்களில் ஒருவர்.

1926இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மதபோதகர், தாய் தேவாலயத்தில் பாடியவர். தாய் இறந்தபின் படிப்பு நின்றது. மதுக்கடையில் எச்சில் கலங்களைக் கழுவும் வேலை கிடைத்தது. பதின்வயதிலேயே ஊர் ஊராகச் செல்லும் இசைக்குழுவில் சேர்ந்துவிட்டார். பாட்டு, டிரம்ஸ், ஹார்மோனிகா எதற்கும் தனக்கு ஆசிரியர் இல்லை, மற்றவர்களைப் பார்த்தே கற்றேன் என்று பின்னாளில் சொன்னார். இசைக்குறிப்பு வாசிக்க அவருக்குத் தெரியாது.

ஹார்மோனிகாவைப் பார்த்துக் கற்பது எளிதல்ல. பத்துத் துளைகள் கொண்ட அந்த ஜெர்மானிய வாத்தியம், ஊதும்போது தன் சொந்த சுருதியில் இசையும்படி அமைக்கப்பட்டது. கறுப்பினக் கலைஞர்கள் அதைத் திருப்பிப்போட்டார்கள். ‘சி’ சுருதி ஹார்மோனிகாவில் ‘ஜி’ சுருதியை ஆதாரமாகக் கொண்டு, மூச்சை உள்ளிழுத்து வாசித்தார்கள். ‘கிராஸ் ஹார்ப்’ என்பது இதுதான். அடுத்த படி ‘பெண்டிங்’. மூச்சை இழுக்கும்போதே நாக்கின் நிலையை மாற்றி ஸ்வரத்தைக் கீழே வளைப்பது. மூன்றாம் துளையில் மட்டும் இப்படி மூன்று அரைச்சுரங்கள் வரை இறங்கலாம். புளூஸின் விம்மல் பிறப்பது அந்த இடைவெளியில்தான். கிதார் கலைஞரின் விரல்களைப் பார்க்கலாம். இங்கே எல்லாமே மூடிய வாய்க்குள் நடக்கிறது. கேட்பது, முயல்வது, மறுபடி கேட்பது என்பதைத் தவிர வேறு வழியில்லை. தார்ன்டன் ‘பார்த்து’க் கற்றதில் பெரும்பகுதி காதால் கற்றதாகவே இருந்திருக்கும்.

இந்த உழைப்பு அவருடைய புகழில் இடம்பெறவில்லை. 1952இல் அவர் பதிவுசெய்த ‘ஹவுண்ட் டாக்’ மறு ஆண்டு ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் அவருடைய குரல் உண்டு, ஹார்மோனிகா இல்லை. அந்தப் பாட்டால் தனக்குக் கிடைத்தது 500 டாலர்தான் என்றார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபின் பாட்டே அவருடையதாக அறியப்பட்டது. குரலையே பறிகொடுத்தவரின் வாத்தியத்தை யார் நினைக்கப்போகிறார்கள்?

ஆனால் சான்று இருக்கிறது. 1965இல் அமெரிக்கன் ஃபோக் புளூஸ் ஃபெஸ்டிவல் குழுவோடு அவர் ஐரோப்பா சென்றார். அந்தப் பயணத்தின் படப்பதிவில் பிக் வால்ட்டர் ஹார்ட்டன் போன்ற தேர்ந்த ஆண் கலைஞர்களுக்கு நடுவே நின்று ஹார்மோனிகா வாசிக்கிறார். அங்கே அவர் அவர்களுக்குச் சமமான வாத்தியக் கலைஞர்.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். 2024இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஹார்மோனிகா பழகுகிறவர்களுக்கு முன்னோடிகளாகச் சொல்லப்படும் லிட்டில் வால்ட்டர், சன்னி பாய் வில்லியம்சன் என்ற வரிசையில் தார்ன்டனின் பெயரையும் சேர்ப்பது நம் வேலை. மூன்றாம் துளையில் ஸ்வரத்தை வளைக்கப் பல நாள் போராடும் பெண், தனக்கு முன்னால் ஒருத்தி அதைச் சாதித்திருக்கிறாள் என்று அறிந்திருக்க வேண்டும்.